வீட்டில் பதிந்த டி.வி.டி. ஏன் பாதியில் நிற்கிறது?



பருப்பு விலையும் வரி விவரமும் பார்க்க இதழைப் பிரித்த உங்களுக்கு, டி.வி.டி. தட்டைப் பற்றி ஒரு பாடம் எதற்கு என்று தோன்றலாம். காரணம் உண்டு. 2000-க்குப் பிந்திய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நம்மில் பலர் வீட்டுத் திருமணம், காதுகுத்து, கடைத் திறப்பு விழா எல்லாவற்றையும் டி.வி.டி.யில்தான் வாங்கி வைத்தோம். கணினியில் கணக்கெழுதத் தொடங்கிய பிறகு ஆண்டு முடிந்ததும் கணக்கை ஒரு தட்டில் பதிந்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். கடையில் திருட்டு நடந்தால் கேமராப் பதிவைத் தட்டில் போட்டுக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது.

அந்தத் தட்டுகள் இப்போது ஒவ்வொன்றாகப் பாதியில் நிற்கத் தொடங்கிவிட்டன. படம் உறைந்துவிடுகிறது, சதுரம் சதுரமாக உடைகிறது, அல்லது கருவி "தட்டு இல்லை" என்கிறது. உடனே தட்டைக் குப்பையில் போடுபவர்களும் உண்டு, கருவியைப் பழைய இரும்புக்குப் போடுபவர்களும் உண்டு. இரண்டும் அவசர முடிவு. கோளாறு எங்கே என்று முறையாகப் பார்த்தால் பல தட்டுகளை மீட்டுவிடலாம்.

தட்டின் உள்ளே என்ன இருக்கிறது?

கம்பெனியில் அச்சடித்து வரும் சினிமா டி.வி.டி. வேறு, நாம் கணினியில் பதியும் டி.வி.டி. வேறு. அச்சுத் தட்டில் பள்ளங்கள் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். நாம் பதியும் தட்டில் ஒரு சாயப் பூச்சு உள்ளது. பதியும் கருவியின் லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுச் சுட்டுத் தடம் போடுகிறது. சாயத்தின் மேல் ஒளியைத் திருப்பி அனுப்ப, பெரும்பாலும் வெள்ளி அல்லது வெள்ளிக் கலவையால் ஆன மெல்லிய பூச்சு இருக்கும். இவை இரண்டையும் நடுவில் வைத்து, தலா 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டியிருப்பார்கள்.

இதிலிருந்தே தட்டு கெடும் வழிகள் புரியும். சாயம் வெயிலில் வெளுக்கும். ஒட்டு சரியில்லாவிட்டால் விளிம்பு வழியே காற்றும் ஈரமும் நுழைந்து, பூசை வெள்ளிப் பாத்திரம் கறுப்பது போல வெள்ளிப் பூச்சும் கெடும். வளைந்தாலும் சூடு பட்டாலும் ஒட்டு விடும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தட்டில் பதிவு தொடங்குவது நடுவட்டத்தில். முடிவது வெளி விளிம்பில். படத்தின் ஆரம்பம் உள்ளே, முடிவு ஓரத்தில்.

நேற்று வரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. விடை நம் தொழிலிலேயே இருக்கிறது. பேரேட்டில் நெடுக்கு வாக்கில் ஒரு கூட்டல், குறுக்கு வாக்கில் ஒரு கூட்டல் போடுகிறோம். நடுவில் ஓர் எண் அழிந்துபோனாலும் இரண்டு கூட்டலையும் வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். டி.வி.டி.யிலும் இதே ஏற்பாடுதான். பதிவை 32 கிலோபைட் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நெடுக்கும் குறுக்குமாகச் சரிபார்ப்பு எண்களைச் சேர்த்தே எழுதுகிறார்கள். கீறல், தூசி, வெளுத்த சாயம் ஆகியவற்றால் சில எண்கள் படிக்க முடியாமல் போனாலும் கருவி கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. நமக்குப் படத்தில் ஒரு குறையும் தெரியாது.

அழிந்த எண்கள் ஓர் அளவுக்கு மேல் போனால் கூட்டலாலும் காப்பாற்ற முடியாது. அந்த இடத்தில் படம் நின்றுவிடும். ஆகவே, தட்டு கெடுவது ஒருநாள் வேலையல்ல. தவணை தவறாமல் கொடுத்துவந்த கடன்காரர் உள்ளுக்குள் நொடிந்துகொண்டே வந்து, ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போவது போன்றது. வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். "இன்னும் ஓடுகிறதே" என்பது தட்டு நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

முதலில் நான்கு சோதனைகள்

எதையும் துடைப்பதற்கு முன்பே கோளாறு தட்டிலா, கருவியிலா என்று பிரித்தறிய வேண்டும்.

1. அதே கருவியில் கம்பெனி அச்சுத் தட்டு ஒன்றைப் போடுங்கள். அதுவும் நின்றால் கோளாறு கருவியில். அச்சுத் தட்டு ஓடி, பதிந்த தட்டுகள் மட்டும் எல்லாமே நின்றால், கருவியின் லேசர் தளர்ந்திருக்கலாம் அல்லது லென்சில் தூசி படிந்திருக்கலாம். பதிந்த தட்டைப் படிப்பது கருவிக்குச் சற்றுக் கடினமான வேலை. கண் மங்கியவருக்கு அச்செழுத்து தெரியும், கையெழுத்து தெரியாதல்லவா, அதுபோல.

2. நிற்கும் தட்டை வேறு இரண்டு கருவிகளில் போடுங்கள். ஒன்றில் ஓடினால் தட்டு முழுவதும் கெடவில்லை.

3. நிற்கும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை போட்டாலும் அதே நிமிடத்தில் நின்றால், தட்டில் அந்த இடம் பழுது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் லென்ஸ் அழுக்கு, கருவி சூடாவது, தட்டு ஆடுவது ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

4. கணினியில் போட்டு, தட்டில் உள்ளதை அப்படியே கணினிக்கு நகல் எடுத்துப் பாருங்கள். நகல் முழுமையாக வந்துவிட்டால் பதிவு பிழைத்தது. அதிலிருந்து புதுத் தட்டு போட்டுக்கொள்ளலாம்.

நிற்கும் இடம் சொல்லும் சேதி

ஆரம்பத்திலேயே எடுக்காவிட்டால்: தட்டை "முடித்து வைக்காமல்" விட்டிருக்கலாம். பதிவு முடிந்ததும் உள்ளடக்கப் பட்டியலை எழுதி மூடும் வேலை ஒன்று உண்டு. நாளேட்டில் எழுதிவிட்டுப் பேரேட்டில் ஏற்றாமல் விட்டால் இருப்பு எடுக்க முடியுமா? அதே கதைதான். டி.வி. அருகில் வைத்துப் பதியும் ரெக்கார்டர்களிலும், 8 சென்டிமீட்டர் சிறு தட்டு போடும் பழைய கேமராக்களிலும் இது அதிகம். அந்த ரெக்கார்டர் அல்லது கேமரா கிடைத்தால் அதிலேயே போட்டு முடித்து வைக்கலாம். கிடைக்காவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் மூடாத தட்டையும் படிக்கும்.

ஒரு கருவியில் மட்டும் எடுக்காவிட்டால்: தட்டின் வகையைப் பாருங்கள். "டி.வி.டி. மைனஸ் ஆர்" 1997-இல் வந்தது. "டி.வி.டி. பிளஸ் ஆர்" 2002-இல் வந்தது. பழைய கருவிகள் சில பின்னதை ஏற்பதில்லை. அழித்து எழுதும் "ஆர்.டபிள்யூ." தட்டு ஒளியைத் திருப்பி அனுப்புவது மிகக் குறைவு, அதனால் பல கருவிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. மேலும், வெறும் எம்.பி.4 கோப்பை தட்டில் போட்டால் அது கணினிக்கான தட்டு, பழைய டி.வி.டி. கருவிக்கானது அல்ல. அந்தக் கருவிக்கு "வீடியோ டி.எஸ்." என்ற கோப்புறைக்குள் உரிய முறையில் அமைத்த படம் தேவை.

கடைசிக் கால் மணியில் நின்றால்: விளிம்புக் கோளாறு. விரல் ரேகை, வளைவு, விளிம்பில் நுழைந்த ஈரம், அதிவேகப் பதிவு எல்லாம் முதலில் தாக்குவது ஓரத்தைத்தான். மேல்பக்கம் ஒட்டிய காகித லேபிளும் ஒரு காரணம். அது தட்டின் எடையை ஒருபக்கம் சாய்க்கும், காலப்போக்கில் தட்டை வளைக்கும். ஆனால் ஒட்டியதை இப்போது உரிக்காதீர்கள். உரித்தால் தட்டே பிரியும் அபாயம் உண்டு.

நடுவில் ஒரே இடத்தில் நின்றால்: இரட்டை அடுக்குத் தட்டா என்று பாருங்கள். 8.5 ஜி.பி. என்று போட்டிருக்கும். முதல் அடுக்கு முடிந்து இரண்டாவதற்கு மாறும் இடத்தில் ஒரு நொடி தயங்குவது இயல்பு. அங்கேயே நின்றுபோனால் அந்தக் கருவிக்கு இரட்டை அடுக்குப் பதிவு ஒத்துவரவில்லை.

கூட்டம், பூமாரி, வண்ண விளக்கு வரும் காட்சிகளில் மட்டும் திக்கினால்: படத்தை மிகக் கனமாகப் பதிந்திருக்கிறார்கள். டி.வி.டி. படத்துக்கு விதித்த உச்ச அளவு, படமும் ஒலியும் சேர்த்து நொடிக்கு 10.08 மெகாபிட். தெளிவு வேண்டும் என்று உச்சத்தை ஒட்டிப் பதிந்தால் அசைவு மிகுந்த காட்சிகளில் பழைய கருவி மூச்சுத் திணறும். இரண்டு மணி நேரப் படம் ஒரு தட்டில் அடங்க வேண்டுமானால் சராசரி 5 மெகாபிட்டுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். நீண்ட நிகழ்ச்சியை இரண்டு தட்டாகப் பிரிப்பது நல்லது.

துடைப்பதிலும் முறை உண்டு

தட்டின் தடம் வட்டமாகச் சுற்றிச் செல்கிறது. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறலும் தடத்தோடு ஓடி, அடுத்தடுத்த எண்களை வரிசையாக அழிக்கும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தால், கீறல் விழுந்தாலும் தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகும். சரிபார்ப்புக் கணக்கு அதைச் சமாளித்துவிடும். மெல்லிய பருத்தித் துணி, சில துளி சுத்தமான தண்ணீர் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மிக லேசான சோப்பு நீர். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் கூடாது. பற்பசை தேய்க்கும் கைவைத்தியம் மேல்கீறலை மழுக்கலாம், புதுக் கீறலும் போடலாம். நகல் எடுக்கும் முயற்சி எல்லாம் தோற்ற பிறகே அதை நினைக்க வேண்டும்.

மளிகைக் கடையில் வைத்திருக்கும் கருவிக்கு இன்னொரு பகை உண்டு. மிளகாய்த்தூள், மாவுத் தூசி, ஊதுபத்திப் புகை எல்லாம் லென்சில் படியும். காற்றூதியால் மெதுவாக ஊதியோ, லென்ஸ் துடைக்கும் தூரிகைத் தட்டு போட்டோ சுத்தம் செய்யலாம். விரலால் தொடாதீர்கள்.

மீட்கும் வழி

நம்மிடம் சரக்கெடுக்கும் சில்லறை வணிகர் ஒருவர், தம் தந்தையாரின் அறுபதாம் கல்யாணத் தட்டைக் கொண்டுவந்தார். 2009-இல் எடுத்தது. தந்தையார் இப்போது இல்லை. அவர் குரல் பதிந்திருப்பது அந்த ஒரு தட்டில் மட்டுமே. பெரியவர் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசும் இடம் படத்தின் பின்பகுதியில் வருகிறது. சரியாக அதற்குச் சற்று முன்னால் படம் நின்றது. படம் எடுத்த ஸ்டுடியோவும் மூடிவிட்டார்கள். "அண்ணாச்சி, எதாவது வழி இருக்கா பாருங்க" என்றார்.

நம் கடைப் பையன்களை வைத்து மேலே சொன்ன வரிசைப்படியே பார்த்தோம். துடைத்தும் ஓடவில்லை. முதல் கணினியில் முக்கால் பங்கு நகல் வந்து நின்றது. இரண்டாவது கணினியின் டிரைவில் இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு டி.டி.ரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளைப் போட்டோம். அது படிக்க முடிந்த இடங்களையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களுக்குப் பட்டியல் போட்டு, அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தட்டை வேறு டிரைவுக்கு மாற்றி, விட்ட இடங்களை மட்டும் தொடரலாம். ஒரு டிரைவுக்குத் தெரியாத இடம் இன்னொன்றுக்குத் தெரிகிறது. ஓர் இரவு முழுவதும் ஓடியது. பந்தி காட்சிகளில் சில நிமிடங்கள் போனது போனதுதான். பெரியவர் பேச்சு முழுவதும் வந்துவிட்டது. அதைக் கேட்கும்போது மகன் தலையைக் குனிந்துகொண்டார். நாமும் ஒன்றும் பேசவில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு டிரைவ் கைவிட்டதும் தட்டைக் கைவிடக் கூடாது என்பது. மூன்று டிரைவாவது பார்க்க வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிரைவே வருவதில்லை; யு.எஸ்.பி.யில் செருகும் வெளி டிரைவ் ஒன்றைச் சங்கத்திலோ நாலு கடைக்குப் பொதுவாகவோ வாங்கி வைக்கலாம். தட்டு தயாரித்த பெரிய ஆலைகள் மூடிவருவதையும் கவனியுங்கள். ஜப்பானின் தாயோ யூடென் 2015-இல் இத்தொழிலை விட்டது. நம் நாட்டின் மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்குப் போனது. தள்ளிப்போடத் தள்ளிப்போடத் தட்டும் கெடும், டிரைவும் கிடைக்காது.

மறுபடி பதியும்போது

1. பெயரில்லாத மலிவுத் தட்டு வேண்டாம். சரக்கின் தரம் தெரியாமல் மூட்டை எடுப்போமா?

2. 16 மடங்கு வேகத் தட்டானால் 8 மடங்கில் பதியுங்கள். கூடுதலாகச் சில நிமிடமே ஆகும். மிக மிகக் குறைந்த வேகமும் தேவையில்லை. இக்காலத் தட்டின் சாயம் அதற்கென அமைக்கப்பட்டதல்ல.

3. தட்டை நிரப்பி வழிய விடாதீர்கள். 4.7 ஜி.பி. என்பது 470 கோடி பைட். கணினி தன் அளவில் அதையே 4.38 என்று காட்டும். இரண்டு படிக்கும் உள்ள வித்தியாசம்தான் இது, தட்டில் குறைவில்லை. விளிம்பு ஓரத்தைச் சற்றுக் காலியாக விடுவது பாதுகாப்பு.

4. பதிந்ததும் "சரிபார்" என்ற கட்டளையைக் கொடுங்கள். இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருளிலும் இது உண்டு. சரிபார்க்காத தட்டு, எடை போடாமல் வாங்கிய மூட்டை.

5. மேலே எழுதத் தண்ணீர் மையுள்ள மென்முனைப் பேனா. பந்துமுனைப் பேனா அழுத்தும். லேபிள் வேண்டாம்.

6. பெட்டியில் நட்டக்குத்தாக, வெயில் படாமல், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கல்லாப்பெட்டி மேலும், காரிலும் வேண்டாம்.

கணக்குக்கும் கேமராவுக்கும்

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்கை அந்த ஆண்டின் வருடாந்திரப் படிவத்துக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காப்பாற்ற வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக்கு அந்தத் தேதி 31-12-2024. ஆகவே அந்தக் கணக்கு 31-12-2030 வரை கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடோ வழக்கோ இருந்தால், அது முடிந்து ஓராண்டு அல்லது முன்சொன்ன காலம், இவற்றில் எது பிந்தியதோ அது வரை. அதிகாரி கேட்கும் அன்று "தட்டு ஓடவில்லை" என்பது பதிலாகாது. எனவே கணக்கு மூன்று இடத்தில் இருக்கட்டும்: கடைக் கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கடைக்கு வெளியே வீட்டிலோ ஆடிட்டரிடமோ ஒன்று. தட்டு நான்காவதாக இருக்கலாம். ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. பென் டிரைவை மட்டும் நம்புவதும் அதே தவறுதான்.

கேமராப் பதிவில் இரண்டு எச்சரிக்கை. பதிவுப் பெட்டி சில நாள் அல்லது சில வாரத்தில் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். ஆகவே சம்பவம் நடந்த அன்றே எடுத்துவிட வேண்டும். அடுத்து, பல பெட்டிகள் தமக்கே உரிய வடிவில் பதிவைக் கொடுக்கும். அது சாதாரணக் கருவியில் ஓடாது. தட்டு கெட்டுவிட்டது என்று எண்ணாமல், அந்தப் பெட்டியின் பார்வை மென்பொருளையும் அதே தட்டில் சேர்த்துக் கொடுங்கள்.

1-7-2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது சான்றிதழும், அதில் "ஹேஷ்" எனப்படும் அடையாள எண்ணும் வேண்டும். பதிவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கெட்ட தட்டில் இருப்பது சாட்சி ஆகாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். விவரத்தை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆயுத பூசைக்குக் கடையைத் தூசி தட்டும்போது தராசைக் கழுவுகிறோம், படிக்கற்களைத் துடைக்கிறோம். அன்றைக்குப் பீரோவில் கிடக்கும் தட்டுகளையும் எடுத்து வெளியே வையுங்கள். ஒவ்வொன்றையும் கணினியில் போட்டு, முழுவதும் நகல் வருகிறதா என்று பாருங்கள். வந்ததை இரண்டு இடத்தில் சேர்த்துவையுங்கள். வராததை மேலே சொன்ன வரிசைப்படி முயலுங்கள். பெரியவர்களின் முகமும் குரலும் உள்ள தட்டுகளை முதலில் எடுங்கள். கணக்குத் தட்டு அடுத்த முறை. தொலைந்த கணக்கை ரசீதுகளிலிருந்து மறுபடி எழுதலாம். அவர்கள் குரலைத் திரும்ப எழுதிக்கொள்ள முடியாது.